கோழி ஆலை: கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குவோம்

கேள்வி: ஐயா, பல்லடம் அருகே என் மாமா நடத்தும் கறிக்கோழி பதப்படுத்தும் ஆலையில் மூன்று ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். நாளொன்றுக்கு 8,000 கோழிகள் வரை அறுத்துச் சுத்தம் செய்து அனுப்புகிறோம். சென்ற ஆண்டு, கோழிகள் கொக்கியில் தொங்கி நகரும் லைனின் வேகத்தை மணிக்கு 1,500 கோழியிலிருந்து 2,000 ஆக உயர்த்தினோம். ஐந்தாறு மாதங்களாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாற்றம் தாங்கவில்லை என்கிறார். தன் கிணற்றுத் தண்ணீரும் கெட்டுவிட்டதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதிவிட்டார். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. கழிவுநீருக்குள் காற்றடிக்கும் புளோயர் இன்னொன்று போட்டால் போதும் என்கிறார் மாமா. எது சரி? தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தபோது பின்பக்கக் கதவு பூட்டியிருப்பதைக் குறை சொன்னார். கறி திருட்டுப் போகிறது என்பதால்தான் பூட்டி வைத்திருக்கிறோம். சென்ற மாதம் கழிவுநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் மோட்டார் அடைப்பை எடுக்க இறங்கிய ஒடிசாத் தொழிலாளி மயங்கிவிட்டார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

பதில்: தம்பி, நாற்றம், கிணறு, விலைப்புள்ளி என்று வரிசையாக எழுதிவிட்டு, ஒரு மனிதர் சாகப் பார்த்ததைக் கடைசியில் மூன்று சிறு வாக்கியங்களில் முடித்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. மனு வந்த விஷயம் பெரிதாகத் தெரிகிறது, உயிர் தப்பிய விஷயம் முடிந்துபோனதாகத் தெரிகிறது. எல்லா ஆலையிலும் இப்படித்தான். ஆனால் நான் அந்தத் தொட்டியிலிருந்துதான் தொடங்க முடியும். அதைத் தள்ளிவைத்துவிட்டு எதைச் சொன்னாலும் அது ஆலோசனை ஆகாது.

அந்தத் தொழிலாளியை மயக்கியது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. இரத்தம், இறகு, குடல் எல்லாம் புரதம். புரதத்தில் கந்தகம் இருக்கிறது, இறகில் இன்னும் கூடுதலாக. காற்றுப் படாத தொட்டியில் அவை அழுகும்போது கந்தகம் இந்த வாயுவாக மாறுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டும் அதற்குத் துணை போகும். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியில் தங்கும்.

இதன் குணத்தை உங்கள் ஆட்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு பி.பி.எம்.முக்கும், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனால் 100 பி.பி.எம். அளவுக்கு வந்ததும் சில நிமிடங்களில் மூக்கே மரத்துப் போகும். அப்போது உள்ளே இருப்பவர் நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். 700, 1,000 என்ற அளவில் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். இன்னொன்று: இறங்கி நின்றவரைக்கும் ஒன்றும் ஆகாதவர், அடியில் படிந்த கசடைக் கம்பியால் கிளறியதும் விழுவார். கசடுக்குள் அடைபட்டிருந்த வாயு அப்போதுதான் குபீரென்று வெளிவருகிறது. உங்கள் ஆள் அடைப்பு எடுக்க இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அடைப்பு எடுப்பது என்றாலே கிளறுவதுதானே.

நம் பக்கத்தில் கிணறு தூர் வாரும்போது விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதைத் தயவுசெய்து இங்கே செய்யாதீர்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அவ்வளவுதான். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் நின்று எரியும். மீத்தேன் சேர்ந்திருந்தால் தொட்டியே வெடிக்கும்.

முதல் வேலை, அந்தத் தொட்டியில் இனி யாரும் இறங்காதபடி செய்வது. நீர்மூழ்கி மோட்டாரை வழிகாட்டிக் கம்பியில் பொருத்தினால் மேலே நின்றபடியே சங்கிலியால் தூக்கிவிடலாம். மோட்டாருக்கு முன்னால் ஒரு கூடைச் சல்லடை வைத்தால் இறகும் குடலும் அதில் நிற்கும். கூடையையும் மேலிருந்தே தூக்கிக் கொட்டலாம். உள்ளூர் பட்டறைக்காரர் ஒரு வாரத்தில் செய்து கொடுக்கும் வேலை இது. வருடத்துக்கு ஒரு முறை கசடை முழுக்க வார வேண்டியிருந்தால், உறிஞ்சு லாரியை அழையுங்கள்.

அதையும் மீறி இறங்கியே தீர வேண்டிய நாள் வந்தால்: தொட்டியைக் காலி செய்யுங்கள். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அடியில் செலுத்துங்கள். வேலை முடியும்வரை நிறுத்தாதீர்கள். நான்கு வாயுக்களை அளக்கும் கையடக்கக் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.மைத் தொட்டால் இறங்கக்கூடாது. இறங்குபவர் அந்தக் கருவியை மார்பில் மாட்டிக்கொண்டே இறங்க வேண்டும், ஏனென்றால் கிளறிய பிறகு அளவு மாறும். இடுப்புக் கயிறு போதாது. மயங்கிய ஆளை இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் உடல் இரண்டாக மடங்கி வாயிலில் சிக்கிக்கொள்ளும். தோளிலும் தொடையிலும் பிடிக்கும் முழு உடல் வார், மேலே முக்காலி, அதில் ஆளைத் தூக்கக் கையால் சுற்றும் விஞ்சு, இவை வேண்டும். சென்ற மாதம் நீங்கள் அவரை இழுத்துவிட்டீர்கள் என்றால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் இருந்தது என்றுதான் பொருள்.

மேலே நிற்பவருக்கு ஒரே ஒரு கட்டளை: எது நடந்தாலும் பின்னால் குதிக்கக்கூடாது. தொட்டிச் சாவு பலமுறை ஒருவரோடு நிற்பதில்லை. அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் என்று போவதுண்டு. பெரிய ஆலைகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் என்ற ஊர், கோழித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ஓர் ஆலையில் 2021 ஜனவரி 28 அன்று உறைய வைக்கும் இயந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் வழிந்து அறையை நிரப்பியது. திரவத்தின் மட்டத்தை அளக்கும் சிறு குழாய் வளைந்திருந்ததால் இயந்திரத்துக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் கூவும் கருவியும் அந்த அறையில் இல்லை. ஆறு பேர் இறந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவர் பின் ஒருவராக வேறு தொழிலாளர்களும் அந்த வெள்ளை மூட்டத்துக்குள் போனார்கள். நல்ல மனதுதான் அவர்களை உள்ளே கொண்டுபோனது.

அந்த ஒடிசாத் தொழிலாளிக்கு வருகிறேன். "இப்போது நன்றாக இருக்கிறார்" என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், ஒரு மருத்துவர் சொல்லட்டும். இந்த வாயு நுரையீரலைத் தாக்கினால் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். தலைவலி, ஞாபக மறதி போன்றவை வாரக்கணக்கில் தொடர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மார்பு எக்ஸ்ரே எடுங்கள். செலவு ஆலையுடையது, கூலி பிடித்தம் கூடாது. விபத்தால் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போயிருந்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் தாமதமாகவாவது தெரிவித்துவிடுங்கள். வாயு தங்கும் தொட்டிக்குள் உரிய முன்னேற்பாடும் எழுத்துப்பூர்வமான சான்றும் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்ட பழைய விதி. தொட்டியின் பக்கத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதிவிடாதீர்கள். இறங்குபவர் ஒடியாவோ இந்தியோ படிப்பவர்.

இனி நாற்றம். அவரை மயக்கிய வாயுவும், தோட்டத்துக்காரரின் திண்ணைக்கு வரும் நாற்றமும் வேறு வேறு அல்ல. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே பொருள் அழுகிப் பிறந்தவை. அந்தப் பொருள் இரத்தம். அதனால்தான் புளோயரா, இரண்டு மடங்கு நிலையமா என்ற உங்கள் கேள்வியே எனக்கு இடம் மாறி நிற்பதாகத் தோன்றுகிறது. கோளாறு லைனின் கடைசியில் இல்லை, தலைமாட்டில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு கிலோ கோழியை அறுத்தால் வடியும் இரத்தம் உயிர் எடையில் மூன்று, நான்கு சதவீதம், அதாவது 60 முதல் 80 கிராம். 8,000 கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ. கழிவை நுண்ணுயிர் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவைப் பி.ஓ.டி. என்பார்கள். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். கோழி இரத்தத்துக்கு அது ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். அந்த 500 கிலோவும் சாக்கடையில் கலந்தால் தினமும் 75 முதல் 100 கிலோ பி.ஓ.டி. சேர்கிறது. ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் என்று வைத்தால், 1,500 முதல் 2,000 பேர் வாழும் ஒரு கிராமத்தின் கழிவை உங்கள் தொட்டியில் கொட்டியதற்குச் சமம்.

உங்கள் மொத்தக் கழிவுநீரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோழி ஒன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 1,60,000 லிட்டர். இந்தத் தொழிலின் கழிவுநீர் பி.ஓ.டி. வழக்கமாக 1,000-த்திலிருந்து 2,500 வரை போகும். 1,500 என்று எடுத்தால் மொத்தச் சுமை 240 கிலோ. இரத்தத்தைச் சாக்கடைக்குள் விடுபவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இரத்தத்தாலேயே வருகிறது. ஒரு கிலோ பி.ஓ.டி.யைக் காற்றடித்து ஒழிக்க ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். மாமா வாங்க நினைக்கும் புளோயர், காசு கொடுத்து வாங்கிய கோழியின் இரத்தத்தை, காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தால் கரைக்கப் போகிறது.

லைன் வேகத்தைக் கூட்டிய பிறகு புகார் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்துவிட்டு இணைக்காமல் விட்டுவிட்டீர்கள். நாளைக் காலை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இரத்தம் வடியும் தொட்டியின் நீளத்தை அளந்து பாருங்கள். கோழி இரண்டரை நிமிடமாவது அதன் மேல் தொங்க வேண்டும். கொக்கிக்குக் கொக்கி அரை அடி என்றால், மணிக்கு 1,500 கோழி ஓடியபோது லைன் நிமிடத்துக்கு 12.5 அடி நகர்ந்தது. 31 அடித் தொட்டி போதுமாக இருந்தது. இப்போது 2,000. நிமிடத்துக்கு 16.7 அடி, தேவை 42 அடி. தொட்டி அதே 31 அடியில் நின்றால் கோழிக்குக் கிடைப்பது 1 நிமிடம் 52 வினாடி. இரத்தத்தின் பெரும்பகுதி முதல் நிமிடத்தில் வடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மிச்சம் சொட்டிக்கொண்டே வெந்நீர்த் தொட்டிக்கும் இறகு பறிக்கும் இயந்திரத்துக்கும் போய், அங்கே தண்ணீரில் கலந்துவிடுகிறது. தண்ணீரில் கலந்த இரத்தத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. தொட்டியைப் பத்துப் பன்னிரண்டு அடி நீட்டுங்கள். தகரமும் வெல்டிங்கும்தான் செலவு.

அதைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு: தண்ணீர்க் குழாய். இரத்தத் தொட்டியில் உறைந்து நிற்பதை வழித்தெடுக்காமல் ஹோஸைத் திருப்பிவிடுவது. எந்த ஆலைக்குப் போனாலும் ஷிப்ட் முடியும் நேரத்தில் நான் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். ரப்பர் வழிப்பானால் இரத்தத்தை வழித்து, மூடியுள்ள தனித் தொட்டிக்கு பம்ப் செய்யுங்கள். தரையில் கிடக்கும் குடல், கொழுப்பு, இறகு எல்லாவற்றையும் முதலில் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டு, பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும். ஹோஸ் முனையில் விசை அழுத்தினால் மட்டும் திறக்கும் மூக்கு மாட்டுங்கள். இரத்தத் தொட்டியில் ஒரு வாளி தண்ணீர்கூடச் சேரக்கூடாது. தண்ணீர் சேர்ந்த இரத்தத்தை வேகவைத்துத் தூளாக்கும் ரெண்டரிங் ஆலைக்காரர் எடுக்கமாட்டார். எடுத்தாலும் விலை தரமாட்டார்.

என் தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆலைக்கு இதே போலக் கொள்ளளவைக் கூட்டி வரைபடம் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போய் லைனைப் பார்க்கவில்லை. கழிவுநீர் மாதிரியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. ஆறு மாதத்தில் அந்தப் பெரிய நிலையமும் நாறியது. அப்புறம்தான் போய்ப் பார்த்தேன்: இரத்தத் தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை, அதிலிருந்து நேரே சாக்கடைக்கு ஒரு குழாய். யார், எப்போது வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விலைப்புள்ளி கொடுத்த நிறுவனத்தார் உங்கள் லைனில் அரை நாளாவது நின்றார்களா என்று கேளுங்கள்.

இரத்தம் விலகிய பிறகும் சில வேலைகள் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சுழல் சல்லடை, தினமும் வழிக்கப்படும் கொழுப்புப் பொறி, இரவுக் கழுவலின் காஸ்டிக் சோடாவும் கிருமிநாசினியும் ஒரே அலையாகப் போய் நுண்ணுயிரைக் கொன்றுவிடாமல் கலந்து தணிக்கும் சமன்படுத்தும் தொட்டி. இவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஓடுகின்றனவா என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடவில்லை என்று புளோயரையும் அணைக்கிறீர்களா? அணைத்தால் சனிக்கிழமைக் கழிவு 30 மணி நேரம் காற்றில்லாமல் கிடக்கும். திங்கள் விடியலில் மோட்டாரைப் போட்டதும் அந்தச் சுற்றுவட்டாரமே மூக்கைப் பொத்தும்.

தோட்டத்துக்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நாற்றம் வரும் நாளையும் நேரத்தையும் மட்டும் இரண்டு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். அது எந்த ஆய்வகமும் சொல்லாததைச் சொல்லும். திங்கள் விடியல் என்றால் ஞாயிறன்று காற்றில்லாமல் கிடந்த தொட்டி. நள்ளிரவு கடந்து என்றால் உயிர்க்கோழி லாரிகள் நிற்கும் இடம். நண்பகல் என்றால் கழிவு வண்டி வெயிலில் காத்திருக்கிறது. உங்கள் அளவு ஆலையில் இறகு, குடல், தலை, கால் எல்லாம் சேர்ந்து நாளைக்கு நான்கு டன் வரை தேறும். நம் வெயிலில் நான்கு மணி நேரம் போதும், அது வேறு பொருளாக மாற. கழிவைக் குளிரூட்டிய அறையில் வையுங்கள், அல்லது ஒரு நாளில் இரண்டு நடை எடுக்கச் சொல்லுங்கள். வண்டி ஒழுகாததாகவும் மூடியதாகவும் இருக்கட்டும். அது எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பே. இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வருபவர் அதைத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக் குளத்திலோ, இரவோடு இரவாக ஏதாவது ஓடையிலோ கொட்டினால், வண்டியைப் பிடிப்பவர்கள் கேட்பது உங்கள் ஆலையின் பெயரைத்தான். ரெண்டரிங் ஆலையின் ரசீது ஒவ்வொரு நடைக்கும் வேண்டும்.

கிணறு விஷயத்தில் அவசரப்பட்டு மறுக்காதீர்கள், ஒப்புக்கொள்ளவும் செய்யாதீர்கள். நம் பகுதி கடும்பாறைப் பூமி. தண்ணீர் பாறை இடுக்குகள் வழியாகத்தான் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும் என்று கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சுத்திகரித்த நீரையோ கழிவையோ மண் குட்டையில் தேக்குகிறீர்களா? அடியில் விரிப்பு இருக்கிறதா? உங்கள் தென்னந்தோப்புக்குப் பாய்ச்சினால் எத்தனை ஏக்கருக்கு எத்தனை லிட்டர்? பாசனத்துக்கு விடும் நீரில் பி.ஓ.டி. 100-க்கு உள்ளேயும், ஓடைக்கு விடும் நீரில் 30-க்கு உள்ளேயும் இருக்க வேண்டும் என்பது பொது வரம்பு. வாரியம் உங்களுக்குக் கொடுத்த ஒப்புதல் ஆணையில் அதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுவே உங்களுக்குச் சட்டம். பி.ஓ.டி. வரம்புக்குள் இருந்தும் கிணறு கெடலாம். இரத்தத்தின் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி, மண்ணில் எங்கும் ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

அவருடைய கிணறு, உங்கள் ஆழ்துளைக் கிணறு, எதிர்ப்புறம் தள்ளியுள்ள வேறொரு கிணறு, மூன்றிலும் ஒரே நாளில், அவரை உடன் வைத்துக்கொண்டு மாதிரி எடுங்கள். நைட்ரேட், குளோரைடு, அம்மோனியா, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி பாருங்கள். நைட்ரேட் யூரியாவாலும் மாட்டுத் தொழுவத்தாலும் கழிப்பறைக் குழியாலும் வரும். தூரத்துக் கிணற்றிலும் அதே அளவு இருந்தால் காரணம் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அவருடையதிலும் உங்களுடையதிலும் மட்டும் ஏறியிருந்தால் பதில் தெரிந்துவிடும். முடிவு வரும்வரை அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிடுங்கள். வழக்கு வந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள். சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு முன்னால், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் மனுவோடு அலைந்தார்கள். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போது எழுதியிருப்பது முதல் மனு. இப்போது போய்ப் பேசினால் பேச்சு நடக்கும்.

பின்பக்கக் கதவுக்கு வருகிறேன். 1991 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் ஒரு கோழி ஆலை எரிந்தது. பொரிக்கும் எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் ஹைட்ராலிக் குழாய் பிய்ந்து, எண்ணெய் அடுப்புச் சுடரில் பீறிட்டது. 25 பேர் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் காயம். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. எதற்காகப் பூட்டினார்கள் தெரியுமா? கோழி திருட்டுப் போகிறது என்று. உங்கள் காரணமேதான். உரிமையாளர் சிறைக்குப் போனார். 2013 ஜூன் 3 அன்று சீனாவின் ஜிலின் மாகாணத்தில் தெஹுய் நகரக் கோழி ஆலையில் தீயும் அம்மோனியா வெடிப்புமாக 121 பேர் இறந்தபோதும் கதவுகள் பூட்டித்தான் இருந்தன.

திருட்டைத் தடுக்கக் கேமரா வையுங்கள். உள்ளிருந்து அழுத்தினால் திறந்து மணியடிக்கும் தாழ் வையுங்கள். கதவிலிருந்து கழற்றும் பூட்டு வீணாகாது, சேகரிப்புத் தொட்டியின் மூடிக்குப் போடுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

குளிர்பதன அறைக்கு அம்மோனியாவா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மோனியா என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளிர்பதன அமைப்பின் அடியில் தங்கும் மசகு எண்ணெயை வடிக்கும் வேலை. கசிவு விபத்துகளில் பல அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. தனியாளாக ஒருவரும் வடிக்கக்கூடாது. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம் வேண்டும். தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதித்து மேகமாகக் கிளம்பும். காற்றில் பரவும் ஆவியை அடக்கத்தான் தண்ணீர்த் திரை. 300 பி.பி.எம். அளவிலேயே உயிருக்கு ஆபத்து, கண்ணைத் திறக்க முடியாது. அதற்காகவும்தான் அந்தப் பின்கதவு.

அறுக்கும் மேசையில் நிற்பவர்களின் மணிக்கட்டு வலி, ஈரத் தரை வழுக்கல், உயிர்க்கோழியைக் கொக்கியில் மாட்டுபவர்களின் தூசி இருமல் எல்லாம் தனிக் கடிதத்துக்கு உரியவை. லைன் வேகத்தைக் கூட்டியபோது ஆட்களைக் கூட்டினீர்களா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

வாரியத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தவிப்பீர்கள். நிலையத்தை விரிவாக்கப் போகிறோம் என்று வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த தேதி உங்கள் கழுத்தைப் பிடிக்கும். இரத்தத் தொட்டியை நீட்டிய புகைப்படம், தினசரித் தண்ணீர் மீட்டர் குறிப்பு, இரத்தமும் கழிவும் போன ரசீதுகள், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கழிவுநீர் ஆய்வு முடிவு. இவற்றை இணைத்து, செய்ததை மட்டும் எழுதுங்கள். பின்னால் எடுக்கும் மாதிரிக்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். தொட்டியில் உள்ள நுண்ணுயிர் புதிய சுமைக்குப் பழக அவ்வளவு நாளாகும். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் நிலையம் திணறினால் அப்போது விலைப்புள்ளியை எடுத்துப் பேசலாம். மூன்று கிணறுகளின் நைட்ரேட் அளவு வந்ததும், எது எந்தக் கிணறு என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். அந்தத் தொழிலாளியின் எக்ஸ்ரே முடிவையும் சேர்த்து.